மெதுவாகப் போன தூரம்

மச்சான்,

இன்று காலை வண்டியில் முழு சார்ஜ் ஏறியிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று திரையில் காட்டுமே, அந்த எண் போன மாதத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தது. பேட்டரி போய்விட்டதோ என்று பதறிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் சர்வீஸ் பார்க்கும் இடத்துக்கு ஓட்டிப்போனேன். அங்கிருந்தவர் ஏதோ ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க ஓட்டுறத வச்சிதான் அது கணக்குப் போடும். நடுவுல கொஞ்ச நாளு ரொம்ப மெதுவா, ஏசி கூட போடாம ஓட்டியிருக்கீங்க. அதான் ஜாஸ்தி காட்டுச்சி. இப்ப பழையபடி ஓட்டுறீங்க, பழையபடி காட்டுது."

அந்த 'நடுவுல கொஞ்ச நாள்'தான் நீ. வண்டி உன்னை மறந்துகொண்டிருக்கிறது. ஒரு தப்பும் செய்யாத அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் தங்கையை நான் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குச் சிநேகிதன். சிப்காட் தொழிற்பேட்டைக்கு லோடு அடிக்க டீசல் வேன் வைத்திருந்தவன். நான் கரண்டு கார் வாங்கியதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தள்றதுக்கு ஆள் வேணும்னா ஒரு போன் போடு மச்சான், வேனோட வந்துடுறேன்" என்றாய். அன்றைக்கு எனக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருந்த தூரம்தான் வேதவாக்கு. என் கடலூருக்கும் உன் சிதம்பரத்துக்கும் சும்மா போய்ப் போய் வரலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சிதம்பரத்தில் உன் மகன் நிக்காஹ் அன்று அந்தப் பெருமை காற்றில் போனது. பிரியாணி ஆக்க இன்னொரு பெரிய அண்டா, தேக்சா வேண்டும் என்று காலையில் போன் செய்தவன் நீ. அதைக் காரின் தலைமேல் வைத்துக் கட்டியவன் நான். உள்ளே உட்கார இடமில்லாமல் சொந்தக்காரர்கள், மடிமேல் பிள்ளைகள், ஏசி முழு வேகத்தில். கடல்காற்று எதிரே வந்து தேக்சாவில் மோதி ஊளையிட்டது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் திரையில் எண் மளமளவென்று இறங்கியது. எப்படியோ வந்து சேர்ந்து, மண்டபத்தில் கிரைண்டருக்கு இருந்த பிளக்கில் வண்டியைச் சொருகினேன். மாப்பிள்ளையின் அத்தாவாக விருந்தாளிகளை வரவேற்க வேண்டிய நீ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "புக்குல போட்ட தூரம், எதிர்காத்து இல்லாம, தேக்சா இல்லாம, மச்சான் வீட்டுக் கல்யாணமும் இல்லாம ஓட்டிப் பாத்தது மச்சான்!"

அப்படிச் சிரித்த வயிற்றில்தான் கட்டி இருந்தது. தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக உன் வேன் வேண்டாம் என்றாய். "டீசல் வண்டி வயித்த ஆட்டுது. ஒன் வண்டியில போவலாம், அதுல ஆட்டம் இல்ல." அதன் பிறகு நான் ஓட்டியது வேறு விதம். மருந்து ஏறிய உடம்பு குளிரில் நடுங்கும், அதனால் ஏசி கிடையாது. பிரேக்கை மிதித்தால் நீ முகம் சுளிப்பாய். அதனால் தூரத்தில் வேகத்தடையைக் கண்டதுமே காலை மெல்ல மெல்ல எடுக்கப் பழகினேன். பஸ்காரர்கள் ஆரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. நீதான் முதலில் கவனித்தாய். "நான் ஏறுனா வண்டிக்கு மைலேஜ் ஏறுது பாத்தியா? வெயிட்டும் கொறஞ்சி போச்சில்ல." உன்னோடு சேர்ந்து சிரிக்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் கடைசியாகச் சொன்ன அன்று, கடலூருக்குள் நுழையும்போது கேட்டாய். "சார்ஜ் எவ்ளோ இருக்கு? மங்கலம்பேட்ட போயி அக்காவ பாத்துட்டு சிதம்பரம் போவ முடியுமா?" மூட்டுவலியால் வீட்டைவிட்டு அசைய முடியாத உன் மூத்த அக்காவுக்கு உன் நோயை நாம் யாரும் சொல்லவில்லை. பெற்றவளைப் போல வளர்த்தவள் தாங்கமாட்டாள் என்று மறைத்திருந்தோம். நான் வழக்கமாக ஓட்டினால் அந்தச் சுற்றுக்குச் சார்ஜ் தாங்காது. உன் வலிக்காக ஓட்டிய ஓட்டுக்குத் தாங்கும். போனோம்.

அக்கா தன் பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கை வண்டிக்குக் கொடுத்தாள். உனக்குக் கஞ்சி வைத்தாள். ரெண்டு வாய்க்கு மேல் உனக்கு இறங்கவில்லை. கட்டாயப்படுத்தவே இல்லை அவள். "நீதான் திங்க மாட்டேங்குற. வண்டியாச்சும் வயிறு நெறைய திங்கட்டும்" என்று சொல்லி உன் தலையைத் தடவினாள். ஊர்க்கதை பேசிச் சிரித்துவிட்டு வந்தாய். திரும்பும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு, "அக்காவுக்கு ஒண்ணும் தெரியல மச்சான். நல்லா நடிச்சேன்ல?" என்று கேட்டாய். நல்லா நடிச்ச என்றேன்.

நீ போன அன்று அசர் தொழுகைக்குப் பிறகு உன்னை எடுப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குள் அக்கா உன் முகம் பார்க்க வேண்டும். மங்கலம்பேட்டைக்குப் போய் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, ஏசியைப் போட்டு, பறந்தேன். சேத்தியாத்தோப்பு வரை அவள் கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தாள். பிறகு, "மெதுவாப் போங்க தம்பி. அவன் எங்க போவப் போறான்" என்றாள். சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கி எம்மாம் மெதுவா கூட்டியாந்தீங்க. தெருமொனையில திரும்பும்போதே ஜன்னல்ல பாத்துட்டேன். ஆரோக்கியமா இருக்குறவன யாரு அப்பிடிக் கூட்டியாருவா? நீங்க கதவத் தொறக்கறதுக்குள்ளயே தெரிஞ்சி போச்சி தம்பி. அவன் சிரிக்கிறானேன்னு நானும் சிரிச்சேன்."

மச்சான், நீ அவளை ஏமாற்றிவிட்டதாக நம்பித்தான் போனாய். அந்த நிம்மதியோடு போனாய் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகவும் இருக்கிறது, தாங்கமுடியாமலும் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியும்டா. தெரிந்துதான் உன்னைச் சிரித்து வழியனுப்பினாள்.