முன்னாள் மனைவியையும் விசாரிப்பார்கள்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்னும் வெயில். அக்டோபர் வந்துவிட்டது என்று இந்த ரிச்சர்ட்சன் ஊருக்கு யாராவது சொன்னால் தேவலை. கார் ஏசியில் கரகர சத்தம். காட்ட வேண்டும்.

மதியம் ஆபீஸில் தெரியாத நம்பர். கட் பண்ணினேன். மறுபடியும். வாய்ஸ்மெயிலைக் கேட்டால் போலீஸ் டிபார்ட்மென்ட், டிடெக்டிவ், பெண் குரல். மகள் மாயாவுக்கு ஏதாவதா? பார்க்கிங்குக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன்.

மாயாவுக்கு ஒன்றுமில்லை. அவள் அப்பா சரவணன் போலீஸ் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கிறாராம்! ஆளைப் பற்றி முழுக்க விசாரிக்காமல் டெக்சஸில் போலீஸ் லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் விடாதாம். பழைய மேனேஜர், அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரையும் கேட்டாயிற்று. மிச்சம் முன்னாள் மனைவி. வீட்டுக்கு வரலாமா என்றார். வரலாம் என்றேன்.

போனை வைத்ததும் சிரிப்பு. நாற்பது வயதில் போலீஸா? அதுவும் சரவணனா? வீட்டில் பல்லி வந்தால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன்.

"ஆமா நித்யா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? யூனிஃபார்ம் போட்டுட்டு வந்து நின்னா?"

"எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன். ஓட்டமும். பேக்ரவுண்ட் செக்தான் பாக்கி."

"என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லு."

அவ்வளவுதான். ஒரு ப்ளீஸ்கூட இல்லை. டைவர்ஸ் ஆகி நான்கு வருடம், ஆள் மாறவே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

வாங்க: பால், கொத்தமல்லி, மாயாவுக்கு சாக்ஸ் (வெள்ளை மட்டும்).

ஈரோட்டிலிருந்து அம்மா வீடியோ கால். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லிப்போடு கண்ணு. போலீசே ஊடு தேடி வந்து கேக்குது. இந்த மாதிரி வாய்ப்பு ஆருக்குக் கெடைக்கும்?"

"என்னத்தம்மா சொல்ல? அடிச்சாரா, குடிச்சாரா?"

"பேசாமயே உன்னையக் கொன்னான்ல? அதைச் சொல்லு."

தப்பில்லை. ஆனால் எந்தச் சட்டத்தில் அது குற்றம்?

அக்டோபர் 10, வெள்ளி

சாக்ஸ் மறந்துவிட்டேன்.

இன்று போனில் யார் தெரியுமா? அத்தை! சரவணனின் அம்மா, கோபியிலிருந்து. டைவர்ஸுக்குப் பிறகு என் நம்பருக்கு அவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"நித்யா கண்ணு, உன்னையக் கேக்க எனக்கு மொகமில்ல. ஆனாலும் கேக்கறேன். நீ என்னமோ ஒண்ணச் சொல்லி அவனுக்கு இந்த வேலை கெடைக்காமப் பண்ணிப்போடு சாமி."

"அத்தை!"

"பயங்கரக் கோவக்காரன்னு சொல்லேன்."

"அவருக்குக் கோபமே வராதே அத்தை."

"அது அவுங்களுக்குத் தெரியுமா?"

கல்யாணப் பந்தியில் பாயசமா ஐஸ்கிரீமா என்பதில் தொடங்கி இந்த இரண்டு அம்மாக்களும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இப்போது ஒத்துப்போயிருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும்போதே அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். "துப்பாக்கி ஊரு கண்ணு அது. பாவம், மாயாவுக்கு அப்பன் வேணும்ல?"

அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பீன்ஸ் நறுக்கும்போது அதே யோசனை. 'ஒருதரம் கையை ஓங்கினார்' என்று ஒரே ஒரு பொய். போதும். வேலை கிடைக்காது. எங்காவது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். அசிங்கமான யோசனைதான். ஆனாலும் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

கொஞ்சம் காற்று. அப்பாடா.

வார இறுதிக்கு அப்பாவிடம் போயிருந்த மாயா திரும்பிவிட்டாள். வாயெல்லாம் பல்.

"அம்மா, அப்பா ரன்ஸ் எவ்ரி மார்னிங். ஹி இஸ் சோ ஸ்லோ!"

"அப்பா போலீஸ் ஆனா உனக்குப் பயமா இருக்காதா?"

ஒன்பது வயசுக்காரி கொஞ்சம் யோசித்தாள். "எ லிட்டில். பட் ஹி டாக்ஸ் அபௌட் இட் ஆல் த டைம்."

பேசுகிறாரா? சரவணனா?

கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது: போன வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை போனதும் போலீஸ் ஸ்டேஷனில் வாலன்டியராகச் சேர்ந்திருக்கிறார். வழி தெரியாமல் அலைந்த ஒரு சீனத் தாத்தாவை வீடு சேர்த்த கதையை மாயா நடித்தே காட்டினாள். தாத்தாவாகவும் அவளே, அப்பாவாகவும் அவளே. அந்த அப்பா வளவளவென்று பேசினார்.

பொறாமையாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

டிடெக்டிவ் வந்தார். நரைத்த தலை, பெரிய பை, முட்டி வலி. வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே ஷூவைக் கழற்றினார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. டீ கொடுத்தேன். மிக்சரை முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடித்தாரா? இல்லை. மிரட்டினாரா? இல்லை. குடி? கல்யாணங்களில் அரை பீர், மீதியைச் செடிக்கு ஊற்றுவார். கோபம் வந்தால்? பாத்திரம் தேய்ப்பார். என் வீட்டுக்காரரை அனுப்பி வைக்கிறேன், கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள் என்றார் டிடெக்டிவ்.

பிறகு, ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டார்.

அத்தை அழுதது காதில். அந்தப் பொய் வாய்வரைக்கும் வந்தது, நிஜமாகவே. விழுங்கினேன். "அவர் நல்ல மனுஷர். ஆனால் எதையும் என்னிடம் முதலில் சொன்னதில்லை. வீடு பார்த்தது, வேலை மாறியது, அவர் அப்பாவுக்கு ஆபரேஷன், எல்லாம் முடிந்தபின்தான் எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் ஒரு நல்ல மனுஷர் குடியிருந்த மாதிரி ஒரு கல்யாணம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எழுதினார்.

கடைசிக் கேள்வி. ஆபத்தில் 911 கூப்பிடுகிறீர்கள், கதவைத் திறந்தால் இவர் நிற்கிறார். எப்படி இருக்கும்?

"நிம்மதியா இருக்கும்."

யோசிக்கவே இல்லை. தமிழில் சொல்லிவிட்டேன்! டிடெக்டிவ் முழித்தார். இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு மிக்சரை முடித்தார். எந்தக் கடை என்று கேட்டார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

லீவு இல்லை. காலையில் எண்ணெய் வைத்து, மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குலாப்ஜாமுன் இரண்டு உடைந்தது, மற்றதெல்லாம் உருண்டை.

அம்மாவிடம் நடந்ததைத்தான் சொன்னேன் என்றேன். "நீயெல்லாம் பொழைக்கத் தெரியாதவ" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, "ஏங் கண்ணு, அங்க போலீசுக்குத் தொப்பி உண்டா?" என்றாள்.

அத்தைக்குப் போன் பண்ணத் தைரியமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்வெட்டர் எடுத்தாயிற்று.

கிடைத்துவிட்டது. ஜனவரியில் போலீஸ் அகாடமியில் பயிற்சி. மாயாதான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அவளுடைய வாட்சுக்குத்தான் முதலில் மெசேஜ். எனக்கு இல்லை. சரி, பெண்ணுக்குத்தானே முதலில். பரவாயில்லை என்று எழுதுகிறேன். ஏறக்குறைய பரவாயில்லை.

அத்தைக்கு நானே போன் போட்டுவிட்டேன். நாலு திட்டு. "அவுங்க கேட்டப்ப என்ன சொன்ன?" "கதவைத் திறந்தா இவரு நின்னா நிம்மதியா இருக்கும்னு சொன்னேன் அத்தை." "அது நெசந்தான் கண்ணு" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மாயாவைக் கொண்டுவந்து விட்ட சரவணன் கிளம்பவில்லை. டிரைவ்வேயில் நின்றார். வழக்கமாக என்ஜினைக்கூட அணைக்க மாட்டார். இன்று அணைத்திருந்தார். இளைத்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

நான் என்ன சொன்னேன் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

"நித்யா, அகாடமிக்குத் துப்பாக்கி வாங்கணும். மாயா வர்ற வீடு. அதான் வாங்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட பேசலாம்னு. எங்க வைக்கிறது, எதுல பூட்டுறது. உனக்குச் சரிப்படலைன்னா ஸ்டேஷன் லாக்கர்லயே விட்டுட்டு வர முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன்."

முன்னாடி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை. நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ரொம்ப" என்றார். அப்புறம் பேசினார். காலையில் ஓடும்போது மூச்சு வாங்குவது, கூட ஓடும் இருபத்திரண்டு வயசுப் பையன்கள் அங்கிள் என்று கூப்பிடாத குறை, அவர் அம்மா போனை எடுக்காதது. அம்மா இனி எடுப்பார் என்றேன். தெரு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே வாங்க என்றேன். வந்தார். தோசை வார்த்தேன். மூன்று பேரும் டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து துப்பாக்கி வைக்கிற பெட்டி பார்த்தோம். கைரேகைப் பூட்டு வேண்டாம், நம்பர் பூட்டுதான் என்று நான். இரண்டும் இருக்கிற பெட்டி என்று அவர். சண்டை, சிரித்துக்கொண்டே. பிங்க் கலரில் உண்டா என்று மாயா.

நம்பர் பூட்டுதான். சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ அடிக்கிற வகை.

மாயாவுக்கு நாளை ஸ்பெல்லிங் டெஸ்ட். ஒருவரும் படிக்க வைக்கவில்லை.