ஏழு அறைப் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டது. சரிசெய்த மாமேதை அடியேன்தான்.

கருமுட்டை வலுப்பட நீ விழுங்கும் சத்து மாத்திரைகளை ஞாயிறுதோறும் ஏழு அறைப் பெட்டியில் பிரித்து வைக்கும் அமைச்சரும் நானே. "மருந்துக்கடைக்காரரே உன்கிட்ட தோத்துடுவாருடா!" என்று நீயே மெச்சினாய்.

நேற்றைய ஸ்கேனிலும் முன்னேற்றம் இல்லையாம். "மாத்திரைய நடுவுல விட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒரு நாள்கூட விடல டாக்டர். என் உடம்புதான் சரியில்ல" என்றாயாம். அத்தான் சொன்னார். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய்.

அக்கா, போன மாதம் ஒரு வாரம் அந்தப் பெட்டியில் இருந்தது புதினா மிட்டாய். "டேய் வாலு!" என்று துரத்தி வருவாய் எனக் கதவுக்குப் பின்னால் காத்து நின்றேன். நீயோ குனிந்துகூடப் பார்க்காமல், தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினாய். ஏழு நாளும் அப்படித்தான். இனிப்புகூடத் தெரியாத அளவுக்குக் களைத்திருந்தாய். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

அசல் மாத்திரைகள் என் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கின்றன. டாக்டரம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். உன் உடம்பைத் திட்டாதே. திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

குழாயும் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வாலு