பென்சில் கோடு

அன்பு மகளுக்கு,

தொழில் நிலையாக ஓடுகிறது. கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுத இப்போது மூன்று வங்கிகள் என்னைத்தான் கூப்பிடுகின்றன. "சார்கிட்ட கொடுத்தா அன்னைக்கே முடிச்சிடுவார்" என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் சில கட்டடங்களுக்கு இரண்டாம் முறை போகாமல், பழைய போட்டோவையே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று நீ போனில் சிரித்தாய்: "பெட்ரூம் கதவு மூடவே மாட்டேங்குதுப்பா. நீங்க பார்த்து ஓகே சொன்ன கட்டடம்னுதானே குடிவந்தோம்!" நான் பேச்சை மாற்றி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கதவு மூடவில்லை என்றால் சுவர் இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்த அறையில் இருக்கும் அலமாரியை நகர்த்து. பின்னால் சுவரில் ஒரு விரிசல் இருக்கும். போன வருடம் அது முடிந்த இடத்தில் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்திருக்க வேண்டும்.

விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் சாமான் எதையும் எடுக்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு. கீழ்வீட்டுக் கதவையும் தட்டு. யார் சொன்னது என்று மட்டும் சொல்லாதே.

கடிதம் மூன்று நாளில் வந்துவிடுமாம். சுவர் அதுவரை தாங்கும்.

உன் அப்பா