தனிக்கூண்டு எலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் எலிக்கூண்டு கழுவும் ஆய்வுக்கூடத்தில் போன வாரம் மகத்தான கண்டுபிடிப்பு ஒன்று வெளியானது. தனியாக அடைத்த எலி ஒழுங்காகத் தின்னாதாம், சீக்கிரம் நோயில் விழுமாம். இதைக் கண்டுபிடிக்க எங்கள் பேராசிரியருக்கு நான்கு வருடம் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே நான் இதை அவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கூண்டைக் கழுவு" என்றார். பக்கத்துக் கட்டிடத்து மேதைகள், வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தூக்கம் குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்!

பத்திரிகைக்குப் படமெடுக்க வந்தவர் எலியைக் கையில் பிடிக்கச் சொன்னதும் எங்கள் அறிவுக்கொழுந்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீயே பிடிச்சுக் குடும்மா" என்று கெஞ்சினார்.

"நாலு வருஷமா எலியைப் பத்தி எழுதுறீங்க, ஒரு தடவைகூடத் தொட்டதில்லையா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

மறுநாளே என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள். கிளம்புமுன், ஆய்வுதான் முடிந்துவிட்டதே என்று தனித்தனியாக அடைத்திருந்த பெண் எலிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விட்டேன். மோந்து பார்த்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு தூங்கின. அவர் இன்னும் கவனிக்கவில்லை, கவனிக்கவும் மாட்டார்.

கிடங்கில் பெட்டிகள் மட்டும்தான், பேச ஆளில்லை. நீங்கள் எல்லோரும் சாப்பிடும்போது பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பும்படி தங்கையிடம் சொல்லுங்கள். சண்டை வந்தாலும் நிறுத்த வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்த மகள்