பிடுங்காத பல்

சீசா, பலெர்மோ, இத்தாலி
11 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி அனிற்றாவுக்கு,

மாதாவின் தயவில் இருக்கிறேன். உன் சர்க்கரை எப்படி? போன் எடுக்காமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. வாயைத் திறந்தால் வலது தாடை நோ பிடரிவரை ஏறுகிறது. போனில் தமிழ் அடிக்கவும் எனக்கு வராது. ஊருக்கு வரும் றொஜரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

புற்றுநோய் எலும்புக்குள் போனதற்கு மாதாமாதம் ஊசி போடுகிறேன் அல்லவா, அது இரண்டு வருடமாகிறது. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பல்லைச் சுற்றி முரசில் சீழ். பல் டொக்ரருக்கு ஊசி விஷயம் தெரியும். "முதல்ல கிருமிக்கு மருந்து, பிறகு கவனமாப் பிடுங்குவினமாம் அம்மா" என்று மகள் மொனிகா மொழிபெயர்த்தாள். எனக்குப் பயம். இருபது வருடம் பல் கிளினிக்கில் உதவிக்கு நின்றவள் நீ. நீ சொல்வதைத்தான் கேட்பேன்.

உன் அக்கா
எமிலியானா

மன்னார்
26 பெப்ரவரி 2024

என் தங்க அக்காவுக்கு,

பிடுங்கவே வேண்டாம்! அந்த ஊசி போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கினால் குழி ஆறாது, தாடையே செத்துப்போகும். அப்படி வந்தவர்களை எங்கள் கிளினிக்கில் தொடாமலே திருப்பி அனுப்பினோம். அந்த டொக்ரருக்கு என்ன, அவருடைய தாடையா?

திரும்பி வரும் றொஜரிடம் ஆறு அட்டை அன்ரிபயோற்றிக் குளிசை தந்துவிடுகிறேன். வீங்கும்போது மூன்று நாள் போடுங்கள், வற்றியதும் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டில் படி கழுவுவதையும் கொஞ்சம் குறையுங்கள், நீங்கள் என்ன இரும்பா?

உங்கள்
அனிற்றா

பலெர்மோ
17 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படுத்தபடி எழுதுகிறேன்.

உன் குளிசை போட்டால் வீக்கம் வற்றும். பிறகு வரும். ஓகஸ்ட்டில் நான் பக்கத்தில் போனால் சிஞ்ஞோரா யன்னலைத் திறக்கத் தொடங்கினா. என் வாய் மணம் என்று எனக்கே தெரிந்தது. ஒருநாள் நாக்கில் கல்லுப்போல ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன், என் எலும்பு.

வலது கீழ்த் தாடையை வெட்டி எடுத்துவிட்டார்கள். பல்லரோ சந்தையில் வாங்கும் அரிசியை மொனிகா கஞ்சியாக்கி வடித்துத் தருகிறாள். ஊசியின் வேலையாம். ஒருவரிலும் பிழை இல்லை. நீ அழாதே.

உன் அக்கா
எமிலியானா

மன்னார்
9 டிசம்பர் 2024

என் அக்காவுக்கு,

மொனிகா அனுப்பிய படத்தைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் அக்காவின் சிரிப்பு எங்கே போனது? நல்லகாலம், பல்லையாவது பிடுங்காமல் விட்டீர்கள். பிடுங்கியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

பக்கத்து வீட்டுச் சந்திரமதி ரீச்சருக்கும் இதே ஊசி. அவவுக்கும் பல் ஆடிச் சீழ் வருகிறது. ஆஸ்பத்திரியில் பிடுங்கத் திகதி கொடுத்தார்கள். நான்தான் மறித்து, குளிசை வாங்கிக் கொடுத்தேன். "நீ இல்லாட்டி என்ரை பாடு என்ன, அனிற்றா" என்று கையைப் பிடித்துக்கொண்டா.

உங்கள்
அனிற்றா

பலெர்மோ
22 டிசம்பர் 2024

அனிற்றா,

இதை மொனிகா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறாள். ஆள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். ஊசி எலும்பைப் பலவீனமாக்கியது உண்மை. ஆனால் சொத்தைப் பல்லின் வேரால் கிருமி எலும்புக்குள் இறங்கி, மாதக்கணக்காக இருந்து அதைச் சாகடித்தது. உன் குளிசை வீக்கத்தை மட்டும் அடக்கியது. தொடக்கத்திலேயே பல்லை எடுத்திருந்தால் தாடை அநேகமாகத் தப்பியிருக்கும் என்று டொக்ரர் சொன்னார். அதை மொழிபெயர்த்துவிட்டு மொனிகா கேட்டாள்: "சின்னம்மா சொன்னதாலையோ அம்மா?" வாயை மூடச் சொன்னேன். நீ தாங்கமாட்டாய் என்றுதான் மறைத்தேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதி, அதை வெட்டிவிட்டேன். இருக்கிறது. உன்னைக் கேட்டு நடந்த என்மேலும் இருக்கிறது.

வாசித்ததும் இருந்து அழாதே. செருப்பைப் போட்டுக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போ. குளிசைகளைத் திருப்பி வாங்கு. நீ சொன்னது பிழை என்று உன் வாயாலேயே சொல்லு. ஏன் என்று கேட்டால் என் படத்தைக் காட்டு. ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ.

ரீச்சரின் பல்லை எடுத்த பிறகு எனக்கு எழுது. அதற்கு முன் எழுதாதே.

எமிலியானா