வஞ்சி பரீட்சை எழுதுவாள்

திருப்பூர்
7-2-1999

அன்பு மகன் மணியனுக்கு அம்மா சீனியம்மாள் வாழ்த்திச் சொல்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை வஞ்சியும் அவள் வயிற்றில் குடிவந்திருக்கும் ஈரலும் சௌக்கியம். லூதியானாக் குளிரில் நீயும் உன் காதும் மூக்கும் சௌக்கியமா என்று எழுதவும். (அண்ணா, ஈரலும் மூக்கும் நான் சேர்த்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குள் வருவதற்கு அம்மா பொறுப்பில்லை.)

உன் கடிதம் கிடைத்தது. வஞ்சியைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே, பத்தாம் வகுப்புப் பரீட்சை வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொள், மீறினால் ஊருக்கே வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். (மூன்று. மூன்றாவது தடவை உன் குரலிலேயே படித்துக் காட்டினேன், அழுத அம்மா சிரித்துவிட்டார்கள்.) பொங்கலில் நடந்ததைக் கேட்டுப் பயந்திருக்கிறாய். அதில் தப்பு என்னுடையது, மறைக்கமாட்டேன். மாற்று ஈரல் வைத்த அன்றே டாக்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பனியன் கம்பெனிச் சங்குதான் கடிகாரம். காலை எட்டரைச் சங்குக்கு ஒரு வேளை, ராத்திரி எட்டரைச் சங்குக்கு ஒரு வேளை என்று பதினாலு மாசம் பிசகாமல் கொடுத்தேன். பொங்கலுக்குக் கம்பெனியைப் பூட்டி எட்டு நாள் லீவு விட்டார்கள், சங்கு ஊதவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள், பூநோம்பிக்குப் பெண்பிள்ளைகளோடு இவளும் பூப்பறிக்கப் போய்விட்டாள். ஐந்து வேளை விட்டுப்போனது அப்புறம்தான் தெரிந்தது. (ஊருக்கே லீவு, மாத்திரைக்கும் லீவு.) கண் மஞ்சளானதும் மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பு புது ஈரலைத் தள்ளப் பார்க்கிறது என்று மூன்று நாள் ஊசி போட்டு அடக்கினார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆனால் கண்ணு, ஒன்றை யோசித்துப் பார். இது பள்ளிக்கூடம் போனதால் வந்ததா? வீட்டோடு இருந்தபோதுதானே வந்தது. இவள் இருப்பாளா என்று நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். பத்துப் பேருக்கு வைத்தால் எட்டுப் பேர் முதல் வருஷத்தைத் தாண்டுறாங்கம்மா, தாண்டினவங்க பெரும்பாலும் நல்லா இருக்காங்க, இருபது வருஷம் கழிச்சு எப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது என்றார். பெரியவர்களில் சிலருக்குப் பழைய நோயே திரும்பி வந்துவிடுமாம். குழந்தைகள் தேறி வளர்ந்துவிடுவார்களாம், ஆனால் இவள் வயசில்தான் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிட்டுக் கெடுத்துக்கொள்வார்களாம். அதனால் மாத்திரை டப்பாவை இவள் கையிலேயே கொடுத்தாயிற்று, அப்பா கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். வருஷத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள், யூனிபாரப் பாவாடையை இறக்கித் தைத்தேன். (மாத்திரையால் மீசையும் முளைத்தது அண்ணா. உன்னுடையதைவிட அடர்த்தி. வேண்டுமானால் கொஞ்சம் அனுப்பட்டுமா?)

சாமளாபுரத்து மருதாசலத்தையும் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். ஐம்பது வயசு, இவளுக்கு வைத்த மாசமே அவருக்கும் ஈரல் வைத்தார்கள். மறுபடி விசைத்தறிக்குப் போகிறார். பயமில்லீங்களா என்றேன். ஏனுங்க அம்மிணி, தறி ஓட்டத்தானுங்க பொழச்சு வந்தது, படுத்துக் கெடக்கறதுக்குங்களா என்றார். நம் பழனாயி அத்தையோ பொங்கலன்று இவள் காதுபடவே, செகண்ட்ஸ் பீசை எதுக்கு ஸ்கூலுக்கு அனுப்பறே என்று கேட்டாள். பதினெட்டு வருஷம் கம்பெனிச் செக்கிங்கில் உட்கார்ந்து ஓட்டைத் துணியைச் செகண்ட்ஸ் என்று பிரித்துத் தள்ளுகிறவள் நான். தள்ளோணும்னா உங்க நாக்கைத்தானுங்க மொதல்ல தள்ளோணும் என்று சொல்லிவிட்டேன். அத்தை வடையைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். (வீணாகவில்லை, நான் முடித்தேன்.)

உன் பாசம் எனக்குத் தெரியும் சாமி. ஆனால் அந்த ஈரல் நம்முடையது இல்லை. விபத்தில் போன தன் பிள்ளையின் உடம்பை யாரோ ஒரு தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் பேர்கூட நமக்குச் சொல்லவில்லை. மூலையில் பூட்டி வைக்கவா கொடுத்தாள்? இவளுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பங்குனியில் பரீட்சை, அது தெரியும். பணம் கட்டியாயிற்று. எழுதுவாள்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வயசு நன்றாக இரு. ஊருக்கு வரமாட்டேன் என்றாய், அது உன் இஷ்டம். வந்தால் பகலில் வீடு பூட்டியிருக்கும். நான் கம்பெனியில் இருப்பேன், உன் தங்கை பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள். (இதைக் கொஞ்சம் பதமாக எழுதட்டுமா என்று கேட்டேன். அப்படியே எழுது என்றார்கள்.)

உன் அம்மா
சீனியம்மாள்