நாற்பத்தொரு பேரின் மூச்சு

சங்கரன்கோவில்
20.1.2025

பாசமுள்ள தம்பி மகாராஜனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசக் கூடாதா என்பாய். இருபது வருடத் தறிச் சத்தத்தில் என் காது போய்விட்டது. நீ அங்கே பேசுவது எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இந்தப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. மூச்சுவிட முடியாதவர்களைக் காப்பாற்றுகிற நுரையீரல் டாக்டருக்கு ஏது லீவு!

உன் அத்தானுக்கு இருமல் கூடிவிட்டது. தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். தூசி இழுக்கிற ஃபேன் போடச் சொல்லி தறிக்காரர்கள் எல்லாரும் மனு கொடுத்தோம். முதலாளிகள் ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். உன் ஆராய்ச்சிக் கட்டுரை. "தறித் தூசியால நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகலன்னு உங்க டாக்டரே எழுதிட்டாரு. பொறவு என்ன வே?" என்றார்கள். நிஜமாகவே அப்படியா எழுதினாய்?

அப்படியானால் தப்பு எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன் நுரையீரல் பலத்தை அளக்கிற ஊதும் மெஷினை என்னிடம் தந்து, நூற்றிருபது பேரை ஊதவைக்கச் சொல்லிவிட்டுப் போனாயே, அதில் பலருக்கு ஊதவே முடியவில்லை. பரீட்சை மாதிரி எல்லாரும் தோற்றுப்போனால் உனக்குக் கெட்ட பேர் என்று நினைத்துவிட்டோம். "நம்ம டாக்டர் தலை குனியக் கூடாதுல்லா" என்று அவர்களே சொன்னார்கள். போலீஸில் இருக்கிற என் கொழுந்தன் சங்கரசுப்பிரமணியன், முடியாத நாற்பத்தொரு பேருக்கும் பதிலாக ஊதினான். உன் அத்தானுக்கும் அவன்தான் ஊதினான்.

நடந்ததை எழுதி அந்தக் கட்டுரையை மாற்றிவிடு, ராசா.

உன் அக்கா,
இசக்கிசெல்வி


மான்செஸ்டர்
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாளாகிறது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்த நாற்பத்தொரு பேரின் அளவுகளும் ஒரே ஆள் ஊதிய மாதிரி இருந்ததை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும் உன்னிடம் கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்தால் போதுமென்று இருந்தது.

அதோடு, எல்லாரையும் நானே நேரில் சோதித்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இப்போது வாயைத் திறந்தால் ஆராய்ச்சி மட்டுமல்ல, டாக்டர் தொழிலே போய்விடலாம். பேராசிரியர் பதவிக்கு ஜூன் பதினொன்றாம் தேதி நேர்முகம். அதுவரை பொறுத்துக்கொள். அத்தானைத் தறிக்கு அனுப்பாதே. மருந்துகளின் பெயர் தனித்தாளில் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி,
மகாராஜன்


சங்கரன்கோவில்
2.3.2025

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதிய மருந்தை அத்தான் இழுக்கிறார். தறிக்குப் போக வேண்டாமென்றால் கேட்பதில்லை, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். உன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, அவரிடம் கத்தினேன். "மாப்பிள்ளை மேல கோவப்படாதட்டி. அவன் படிச்சு வந்த பாடு நமக்குத் தெரியாதா?" என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

ஜூன் ரொம்பத் தூரம், தம்பி. 'அது தப்பு' என்று ஒரே ஒரு வரி எழுது. ஃபேன் போட்டுவிடுவார்கள். மற்றவர்களாவது பிழைத்துக்கொள்வார்கள்.

இசக்கி அக்கா


மான்செஸ்டர்
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அதற்கப்புறம் நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. மன்னித்துவிடு. கட்டுரை வந்த பத்திரிகைக்கு, அது தப்பென்று அனுப்பவேண்டிய கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். அனுப்பத்தான் தைரியமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஜூன் பதினொன்று கழியட்டும், கட்டாயம் அனுப்பிவிடுவேன். அத்தானைப் பார்த்துக்கொள்.

மகாராஜன்


சங்கரன்கோவில்
14.6.2025

மகாராஜனுக்கு,

உன் அத்தான் போன சனிக்கிழமை தவறிவிட்டார். உனக்குத் தகவல் சொல்ல வேண்டாமென்று நான்தான் எல்லாரையும் தடுத்தேன். புதன்கிழமை உனக்கு நேர்முகம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், பீடி குடிப்பாரா என்று கேட்டார். வாயில் வைத்ததில்லை, தறித் தூசிதான் என்றேன். "தூசியால வராதும்மா. ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பீடி என்றே எழுதிக்கொண்டார். ஆராய்ச்சி பண்ணியது என் தம்பி என்று நான் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசிவரை வாயைத் திறந்து திறந்து மூடினார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை நீ போட்டிருக்க வேண்டும். சித்தப்பா மகன் நல்லகண்ணு போட்டான்.

இருபத்திரண்டாம் தேதி பதினாறாம் நாள் காரியம். நீ வர வேண்டாம். தறிக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அந்தக் கட்டுரையை நீ எழுதியிருப்பாய் என்று அவர்கள் இன்னும் நம்பவில்லை. முதலாளிகள்தான் உன் பேரைப் போட்டுப் பொய் சொல்கிறார்கள் என்கிறார்கள். உன்னைக் கண்டால், இருமிக்கொண்டே எழுந்து நின்று கும்பிடுவார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இசக்கிசெல்வி